அண்ணன் பேரில் எழுதிய மொய்

ஜூன் 3, செவ்வாய்

இந்த ஊர் எங்களிடம் பதினோரு வருஷமாகத் திருடிக்கொண்டிருக்கிறது.

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை. போதாததற்கு வருஷா வருஷம் ஆடியில் மொய் விருந்து. ஒன்று விடாமல் போனோம். கறிச்சோறு சாப்பிட்டு, கை கழுவி, மொய் எழுதிவிட்டு வந்தோம். பேராவூரணிப் பக்கத்தில் இதுதான் வங்கி. இன்று நான் உனக்கு ஐயாயிரம் எழுதினால், என் வீட்டு விருந்தில் நீ அதைத் திருப்பி எழுதி, மேலே கொஞ்சம் புது மொய்யும் போட வேண்டும். செய்யாதவன் கடைத்தெருவில் டீ குடிக்க முடியாது. அப்படித்தான் இங்கே வீடு கட்டுகிறார்கள், போர் போடுகிறார்கள், பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்கிறார்கள்.

நாங்கள் மட்டும் ஒரு விருந்தும் வைக்கவில்லை. பிள்ளை இல்லாதவர்களுக்கு என்ன செலவு என்று எல்லாரும் நினைத்தார்கள். நாங்களும் அப்படியே நினைத்துவிட்டோம் என்பதுதான் கேவலம்.

இப்போது செலவு வந்திருக்கிறது. தத்துக்குப் பதிவு செய்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் எங்கள் வரிசை எண்ணைத்தான் பார்க்கிறேன். வருமானச் சான்று கேட்டு வந்தவர்கள் வெளியே நிற்கட்டும். இன்று இருநூற்றுப் பதினாறு.

மொய்க் கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு விசேஷமும் முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் தொகையைச் சொல்வார், நான் எழுதி வைப்பேன். இரண்டு லட்சத்து எழுபதாயிரம். அதைக் கேட்டு வாங்கப்போகிறோம். பிச்சை இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஜெசிந்தா மேடம் வந்தார். தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளர். மூன்று வருஷத்துக்கு முன்பு வீட்டைப் பார்த்து எழுதிய அறிக்கை காலாவதி ஆகப்போகிறதாம், புதிதாக எழுத வேண்டும்.

நாங்கள் இருப்பது பின்கட்டு. முன்னால் இருக்கிற மாடிவீடு என் வீட்டுக்காரரின் அண்ணன் வைரக்கண்ணுவுடையது. என் மூத்தார். இடம் இரண்டு பேருக்கும் பொது, மாமனார் விட்டுப் போனது. ஜெசிந்தா மேடம் மாடிவீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக உள்ளே வந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"புயல்ல ஓடு போனதுக்கப்புறம் இதைத்தான் போட்டோம் மேடம்" என்றார் இவர்.

"புயல் வந்து எத்தனை வருஷம் ஆச்சு சார்?"

குழந்தைக்கு ஓர் அறை, மேலே தளம், வீட்டுக்குள் கழிப்பறை, வங்கியில் கொஞ்சம் இருப்பு. இவ்வளவும் இருந்தால் நல்லபடியாக எழுதுகிறேன் என்றார். நல்ல பெண்மணிதான். மிக்சரை மட்டும் தொடவில்லை.

இந்தத் தெருவில் ஓலைக் குடிசையில் நாலு பிள்ளை பெற்றவளிடம் எவனும் போய் இங்கே தளம் இருக்கா என்று கேட்டதில்லை.

ஜூன் 9, திங்கள்

205.

ஜூன் 15, ஞாயிறு

மூத்தாரிடம் போய்ச் சொன்னோம். ஆடி பதினொன்றில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து விருந்து வைக்கிறார்கள், நாலாவதாக நாங்களும் சேர்ந்தால் பந்தல் செலவும் ஆட்டுச் செலவும் நாலில் ஒரு பங்குதான்.

"மொய் விருந்தா? நீங்களா?" என்றார் மூத்தார். பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா, நாங்க எழுதலையா ஊருக்கு?" என்றேன்.

"எழுதுனிய, எழுதுனிய. யாரு இல்லைன்னா?" அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். "வையிங்க. வச்சுப் பாருங்க."

ஓரகத்தி மலர்க்கொடி காபி கொடுத்தாள். "எந்த ஊருப் புள்ளையா இருக்குமோ, என்னா சாதியோ" என்று காபிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"சாதிச் சான்று நாந்தானக்கா பதிஞ்சு குடுக்குறேன், ஒங்களுக்கும் சேத்து. அதுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றேன். காபியில் சர்க்கரை இல்லை. மறந்திருப்பாள்.

ஜூன் 29, ஞாயிறு

பத்திரிகை கொடுக்கக் கிளம்பினோம். முதல் வீடு தனபாக்கியம் அத்தை. அவள் மகன்கள் மூன்று பேர் கல்யாணத்துக்கும் எழுதியிருக்கிறோம். என் நோட்டில் பதினெட்டாயிரம்.

அவள் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்து வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, பேத்தியைக் கூப்பிட்டாள்.

"செல்லத்துரைன்னு ஒண்ணுமே இல்ல அப்பாயி" என்றது அந்தப் பெண். "வைரக்கண்ணுன்னுதான் இருக்கு. பதினெட்டாயிரம். திருப்பி எழுதுனதுன்னு டிக் அடிச்சிருக்கு."

"அதான் ஆத்தா, நாலு வருசத்துக்கு முன்னாடி ஒங்க மூத்தாரு விருந்துல இருபத்தஞ்சாச் செஞ்சிட்டமே. இப்ப அவுக வீடுதான் எங்களுக்குத் திருப்பிச் செய்யணும்."

நோட்டு தப்பு என்றேன். அவள் முகம் மாறியது. "என் நோட்டத் தப்புங்கிறியா? அறுவது வருசமா எவனும் சொன்னதில்லடி."

அடுத்த வீட்டிலும் வைரக்கண்ணு. அதற்கடுத்த வீட்டிலும். ஆறாவது வீட்டு வாசலில் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. லோடு வண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மட்டும் போனேன். அங்கேயும் வைரக்கண்ணுதான்.

மிச்சப் பத்திரிகை நூற்று நாற்பது. கட்டுப் பிரிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

மையத்துக்கு லீவு சொன்னேன். மூத்தார் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பதாக இருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டார்.

"அண்ணன் ஒண்ணும் பண்ணல. நாந்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"பேரு கேப்பாங்கள்ல. அண்ணன் பேரச் சொன்னேன்."

பெண்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவோம். மொய் எழுதும் மேசைப் பக்கம் ஆண்கள்தான் போவார்கள். பதினோரு வருஷத்தில் நான் ஒரு முறைகூட அந்த மேசையைப் பார்த்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷமாம். கீழத்தெருவில் ஒரு விருந்து. இவர் தன் பேரைச் சொல்லி ஆயிரம் ரூபாய் நீட்டியிருக்கிறார். எழுதுகிற ஆள் தலையைத் தூக்கிப் பார்த்து, "செல்லத்துரையா? இது உண்டியல்ல போட்ட மாரிதான்ப்பா, திருப்பிச் செய்யிற சோலியே வராது" என்றானாம். பின்னால் வரிசையில் நின்ற இருபது பேரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். அதற்கு அடுத்த விருந்திலிருந்து அண்ணன் பேர்.

"ஒரு தடவ சிரிச்சதுக்கா?"

"நீ அங்க நிக்கல புள்ள."

"எட்டு வருஷமா எங்கிட்டச் சொல்லல."

"நீ எழுதுறப்ப சந்தோசமா எழுதுவ."

உப்புமா கிண்டினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அந்த இருபது பேர்மேல்தான் கோபம். உப்புமா தீய்ந்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

விருந்தை நிறுத்த முடியாது. ஆட்டுக்கும் பந்தலுக்கும் எங்கள் பங்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பழைய மொய் வராவிட்டால் புது மொய்யாவது வரட்டும் என்று தெரிந்தவர், தெரியாதவர் வீட்டுக்கெல்லாம் போகிறேன்.

இன்று பள்ளிக்கூட வாத்தியார் வீடு. படித்தவர். மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"புது மொய் போடுறதுல ஒண்ணுமில்லம்மா. ஆனா இது வம்ச வம்சமா போற கணக்கு. நாளைக்கு ஒங்க காலத்துக்கப்புறம் எம் மகனுக்கு யாரு திருப்பிச் செய்வா?"

"எங்க பொண்ணு செய்வா சார்."

"எந்தப் பொண்ணு?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

ஐந்நூறு ரூபாய் எழுதுவதாகச் சொன்னார். மோர் நன்றாக இருந்தது.

141.

ஜூலை 14, திங்கள்

காலையில் அவர் முகம் மழித்து, பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணன் காரில் கிளம்பினார். ஆடு பிடிக்கப் போகிறார்களாம். ஆதார் அட்டை எங்கே என்று கேட்டார். ஆட்டுக்கு எதற்கு ஆதார் என்றேன். வண்டிக்கு இன்சூரன்சும் போடணும் என்றார். "ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சிரணும்" என்று மூத்தார் காரிலிருந்து அவசரப்படுத்தினார். நல்ல நாள் பார்த்து ஆடு வாங்குகிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் வந்தார். ஆடு வரவில்லை. விலை படியவில்லையாம். எனக்குப் பிடித்த பால்கோவா வாங்கி வந்திருந்தார்.

ஜூலை 27, ஞாயிறு

விருந்து முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது.

பந்தலில் நாலு மேசை. மற்ற மூன்று மேசையிலும் வரிசை வாசல் வரை நின்றது. எங்கள் மேசையில் எழுத உட்கார்ந்த பையன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். தனபாக்கியம் அத்தை இரண்டு முறை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எங்கள் மேசையைத் தாண்டிப் போனாள். வாத்தியார் ஐந்நூறு எழுதினார், சொன்ன சொல் தவறாதவர். இரண்டு மணிக்கு மொத்தம் எழுபத்தோராயிரம். எங்கள் பங்குச் செலவே எழுபது.

நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். புகை கண்ணில் பட்டது.

அப்போது ஒலிபெருக்கியில் மூத்தார் குரல். "எந் தம்பி செல்லத்துரைக்கு, அண்ணன் வைரக்கண்ணு எழுதுற மொய், மூணு லட்சம்!"

பந்தல் முழுக்கக் கை தட்டியது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து பார்த்தார்கள். ஓடி வந்து பார்த்தேன். கட்டுக் கட்டாக மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதைப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு இன்னும் நாற்பது பேர் வந்து எங்கள் மேசையில் எழுதினார்கள். கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போகிற ஜனம்.

நான் மூத்தார் காலில் விழுந்தேன். இவர் பக்கத்தில் நின்றார். விழவில்லை.

ஜூலை 28, திங்கள்

மனிதர்களைப் பற்றி நான் அவசரப்பட்டு எழுதுகிறேன். மலர்க்கொடி அக்காவுக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தளம் போட்டாயிற்று. கழிப்பறையில் வெள்ளை ஓடு. அறைக்கு என்ன நிறம் என்று கேட்டார் கொத்தனார். மஞ்சள் என்றேன். இவர் எந்த நிறத்துக்கும் தலையாட்டினார். கட்டட வேலை நடந்த இத்தனை நாளில் அவர் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டு எடுத்து வைக்கவில்லை. அடுத்தவன் வீட்டு வேலையைப் பார்ப்பதுபோல வேலியோரம் நின்று பீடி குடித்தார். விட்டு ஆறு வருஷமான பீடி.

ஜெசிந்தா மேடம் வந்து பார்த்தார். மிக்சரும் சாப்பிட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

வந்துவிட்டது.

பெண். பதினாலு மாதம். திருச்சியில் ஓர் இல்லம். பேர் கோதை என்று வைத்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

போட்டோவில் வெளிச்சம் போதவில்லை, அதனால்தான் அவ்வளவு கறுப்பாகத் தெரிகிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னொரு கணினியிலும் திறந்து பார்த்தேன். நான் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. மருத்துவ அறிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவருக்கு அனுப்பினேன். லோடு ஏற்றப் போன இடத்திலிருந்து உடனே போன் செய்தார். "இன்னும் அமுக்கலையா நீ?" என்றார். அவ்வளவுதான் பேசினார். அமுக்கினேன்.

செப்டம்பர் 13, சனி

பார்த்தோம். மேலே இரண்டு பல், கீழே நாலு. என்னிடம் வரவில்லை. இவருடைய சட்டைப் பையிலிருந்த டீசல் பில்லை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பிடுங்காமல் இவர் உட்கார்ந்திருந்தார். நான்தான் பிடுங்கினேன். அழுதாள்.

செப்டம்பர் 25, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆட்சியர் உத்தரவு வரும்வரை பராமரிப்பில் இருப்பதாகக் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவள் மஞ்சள் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

மூத்தார்தான் முதலில் வந்து தூக்கினார். "வாடி ஆத்தா, பெரியப்பன் கிட்ட வா" என்றார். அவள் அவரிடம் உடனே போனாள்.

அக்டோபர் 6, திங்கள்

ஆட்சியர் அலுவலகக் கோப்பில் எங்கள் வீட்டுச் சொத்து விவரமும் சேர்க்கலாம் என்றார் ஜெசிந்தா மேடம். கையில் வேலை இல்லாத நேரத்தில் மையத்திலேயே வில்லங்கச் சான்று எடுத்தேன். ஊராருக்கெல்லாம் தினம் பத்து எடுத்துக் கொடுக்கிறேன், எங்களுக்கு எடுத்ததில்லை.

ஜூலை 14. விடுதலைப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் செல்லத்துரை. எழுதிவாங்கியவர் வைரக்கண்ணு. வீடு, மனை, பின்னால் உள்ள தென்னந்தோப்பு, பாதிப் பங்கு முழுவதும். தொகை மூன்று லட்சம்.

முதியோர் உதவித்தொகைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். பிறந்த தேதி தெரியாது என்றார். தோராயமாகப் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கோதைக்குச் சளி.

அக்டோபர் 9, வியாழன்

கேட்டேன். அச்சடித்த தாளைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பணம் எங்கேருந்து வரும்னு எல்லாரும் கேட்டிய. வந்துச்சுல்ல" என்றார்.

"பதினஞ்சு லட்சம் போற இடம்."

"தெரியும்."

"தெரிஞ்சா கையெழுத்துப் போட்டீங்க?"

"வெளியேருந்து வர்ற புள்ளைக்கு அப்பன் மண்ணுல பங்கு போகக் கூடாது, அது ஒண்ணுதான் அப்படின்னாரு அண்ணன். ஒனக்குப் புள்ள வேணுமா எடம் வேணுமான்னு கேட்டாரு." தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். "நான் புள்ளைன்னேன்."

"எங்கிட்டக் கேக்கலாம்ல."

"நீ ரெண்டும் வேணும்பே."

ஆமாம், இரண்டும்தான் வேண்டும். ஊரில் எல்லாருக்கும் இரண்டும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, எங்கள் நிலத்தையே எங்களுக்கு மொய்யாக எழுதியிருக்கிறார்கள். ஊர் கை தட்டியிருக்கிறது. நான் காலில் விழுந்திருக்கிறேன்.

கோதை அவர் மடியில் உட்கார்ந்து அவர் ஒதுக்கிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். எங்களில் ஒருவரும் சத்தம் போடவில்லை. அவள் இருக்கும்போது சத்தம் போடுவதில்லை என்று ஜெசிந்தா மேடத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அக்டோபர் 10, வெள்ளி

பட்டா இன்னும் பேர் மாறவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும்தான் இருக்கிறது. அதைக் கோப்பில் சேர்த்துவிட்டேன். பட்டா பொய் இல்லை. அரசாங்கம் கொடுத்ததுதான். கேட்டது சொத்து விவரம், கொடுத்தது சொத்து விவரம்.

போன மாதம் பழைய பட்டாவை வைத்துக் கடன் வாங்கப் பார்த்த ஒருத்தனை மையத்தில் எல்லார் முன்னாலும் திட்டி அனுப்பினேன். அது வேறு.

அக்டோபர் 12, ஞாயிறு

புதன்கிழமை ஆட்சியர் அலுவலகம். கையெழுத்துப் போட வேண்டிய தாளை ஜெசிந்தா மேடம் முன்கூட்டியே அனுப்பியிருந்தார். பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும், வாரிசு உரிமை உட்பட, இந்தக் குழந்தைக்கும் உண்டு என்று ஒரு வரி. இரண்டு முறை படித்துக் காட்டினேன். இவர் கேட்டுவிட்டு வண்டி கழுவப் போய்விட்டார்.

கோதையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். மூத்தார் களத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக எடுத்து, ஜோடி ஜோடியாகச் சத்தம் போட்டு எண்ணிக் குவியலில் எறிவார்.

"வாடி ஆத்தா" என்றார் குழந்தையைப் பார்த்ததும். எண்ணுவதை நிறுத்தி மடியிலிருந்து பிஸ்கட் எடுத்தார். அவளுக்கென்று வாங்கி மடியிலேயே வைத்திருக்கிறார். அவள் கையை நீட்டினாள். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"மாமா, அந்த விடுதலைப் பத்திரத்தப் பாத்துட்டேன்."

பிஸ்கட் கையிலேயே இருந்தது.

"அது எங்க அண்ணன் தம்பிக்குள்ள உள்ளது தமயந்தி. புள்ளைக்கு என்னா கொறை வச்சேன் நான்? எங்க வீட்டுப் புள்ளையாத்தான பாக்குறேன்? தம்பி இருக்குற வரைக்கும் இருங்க, நீ இருக்குற வரைக்கும் இரு. யாரு போகச் சொன்னா?"

"நாங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப?"

"அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்ல."

மலர்க்கொடி வாசலில் வந்து நின்றாள். நான் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள்.

"மூணு லட்சத்தையும் திருப்பித் தர்றோம் மாமா. வட்டியோட தர்றோம். பாதிய அவ பேருக்கே எழுதுங்க. எங்க பேருக்கு வேண்டாம். இவ பேருக்கு எழுதுங்க."

அவர் பிஸ்கட்டை மறுபடி மடியில் வைத்துக் கட்டினார். குனிந்து இரண்டு தேங்காயை எடுத்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார்.

"எங்க வீட்டுப் புள்ளைன்னீங்கள்ல. எழுதிக் குடுங்க மாமா."

"நாப்பத்திரெண்டு."

கோதை அவர் மடியைப் பார்த்துக் கையை நீட்டி அழ ஆரம்பித்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, ஒங்களத்தான் கேக்குறேன். இவ பேருல எழுதிக் குடுங்க."

"நாப்பத்திமூணு."